வட டகோட்டாவின் அரசு வங்கியும் மாவு ஆலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டி அமைந்துள்ள வேளாண் மாநிலம் வட டகோட்டா. 1889 நவம்பர் 2 அன்று, தென் டகோட்டாவுடன் ஒரே நாளில் மாநிலத் தகுதி பெற்றது. இதன் தலைநகர் பிஸ்மார்க். பரப்பளவு ஏறத்தாழ 1,83,000 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7,79,094. அமெரிக்காவின் 50 மாநிலங்களுள், மாநில அரசுக்கே சொந்தமான பொது வங்கியை நூறாண்டுகளுக்கும் மேலாக நடத்திவருவது இது ஒன்றே. மாநில அரசுக்குச் சொந்தமான மாவு ஆலையும் இங்கு மட்டுமே உள்ளது. தனியார் முயற்சியைப் பெரிதும் போற்றும் ஒரு நாட்டின் நடுவே, பழமைப் போக்குக் கொண்ட உழவர்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில் இவை எவ்வாறு தோன்றின, எதிர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்த பின்னும் எவ்வாறு நிலைத்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளைச்சல் ஓரிடம், விலை வேறிடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட டகோட்டாவின் வருமானம் பெரும்பாலும் கோதுமையை நம்பியே இருந்தது. நிலம் வளமானது, விளைச்சலுக்கும் குறைவில்லை. ஆனால் விளைந்த தானியம் மாநில எல்லையைத் தாண்டிய பிறகே அதற்கு மதிப்புக் கூடியது. கோதுமை வாங்கும் சந்தையும், அதை அரைக்கும் பெரிய ஆலைகளும் அண்டை மாநிலமான மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் இருந்தன. தானியத்தைக் கொண்டு சென்ற நார்தர்ன் பசிபிக், கிரேட் நார்தர்ன் ஆகிய இருப்புப்பாதை நிறுவனங்களின் தலைமையகங்கள் அதன் அருகிலுள்ள செயின்ட் பால் நகரில் இருந்தன.

உழவர் அறுவடை செய்த கோதுமையை வண்டியில் ஏற்றி, அருகிலுள்ள இரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்த எலிவேட்டர் எனப்படும் உயரமான தானியக் கிடங்குக்குக் கொண்டு செல்வார். அங்கிருந்த கொள்முதல்காரர் தானியத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பார். களை விதை, தூசி, பதர் ஆகியவற்றுக்காக எடையில் கழிவு போடுவார். இந்தக் கழிவுக்கு உழவருக்குக் காசு கிடையாது. ஆனால் அதே கழிவைச் சலித்தெடுத்துக் கால்நடைத் தீவனமாக விற்றுப் பணம் பார்த்தவர் வாங்கியவரே. அந்தக் கழிவு சந்தைக்குப் போவதற்கான இரயில் கட்டணமும் மறைமுகமாக உழவர் தலையிலேயே விழுந்தது. பணம் தேவைப்பட்டால் வெளி மாநில மூலதனத்தை நம்பிய சிறு வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டும். 10 முதல் 12 சதவீதம் வரை வட்டி வாங்கப்பட்டதும் உண்டு.

இக்குறைகள் வெறும் முணுமுணுப்பாகவே நின்றுவிடாமல் காத்தவர்களுள் ஒருவர் எட்வின் லாட். இவர் ஃபார்கோ நகரில் இருந்த மாநில வேளாண் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். மட்டமான தரம் என்று தள்ளி, தீவன விலைக்கு வாங்கப்பட்ட கோதுமையை அவர் அரைத்துப் பார்த்தார். அதிலிருந்து நல்ல மாவும் நல்ல ரொட்டியும் கிடைத்தன. தரம் பிரிக்கும் முறையே உழவருக்குப் பாதகமாக இருக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்று கிடைத்தது. லாட் பின்னாளில் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உழவர் கூட்டமைப்பின் எழுச்சி

மாநில அரசே ஒரு பெரிய தானியக் கிடங்கைக் கட்ட வேண்டும் என்பது உழவர்களின் முதல் கோரிக்கை. 1912, 1914 ஆகிய ஆண்டுகளில் நடந்த வாக்கெடுப்புகளில் இதற்கு வழிவிடும் அரசியலமைப்புத் திருத்தங்களை மக்கள் பெரும்பான்மையுடன் ஏற்றனர். இருந்தும் 1915இல் சட்டமன்றம் அத்திட்டத்தை நிராகரித்தது. தலைநகருக்குத் திரண்டு வந்த உழவர்களைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பன்றிகளுக்குத் தீனி வைக்குமாறு ஓர் உறுப்பினர் ஏளனமாகச் சொன்னார் என்ற செய்தி மாநிலம் முழுதும் பரவியது. அந்த உறுப்பினர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். உண்மை எதுவாயினும், நூறு துண்டறிக்கைகள் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

அதே 1915ஆம் ஆண்டில் ஆர்தர் டவுன்லி என்பவர் நான்பார்ட்டிசன் லீக் என்ற கட்சி சாரா உழவர் கூட்டமைப்பைத் தொடங்கினார். டவுன்லி மேற்கு வட டகோட்டாவில் பெரிய அளவில் ஆளிவிதை பயிரிட்டு, விலை வீழ்ச்சியால் அனைத்தையும் இழந்தவர். புதிய கட்சி தொடங்குவதை அவர் விரும்பவில்லை. மாநிலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த குடியரசுக் கட்சியின் உட்தேர்தலிலேயே தம் வேட்பாளர்களை நிறுத்தி வெல்வது அவர் வகுத்த வழி. கூட்டமைப்பின் ஊழியர்கள் ஃபோர்டு கார்களில் பண்ணை பண்ணையாகச் சென்று உறுப்பினர் சேர்த்தனர். கையில் பணம் இல்லாத உழவரிடம், அறுவடைக்குப் பிந்தைய தேதியிட்ட காசோலையைச் சந்தாவாகப் பெற்றுக்கொண்டனர். 1916 முடிவதற்குள் ஏறத்தாழ 40,000 பேர் சேர்ந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் லின் ஃப்ரேசியர் என்ற உழவர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1918 தேர்தலில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூட்டமைப்பின் கைக்கு வந்தன. 1919இல் சட்டங்கள் அடுத்தடுத்து நிறைவேறின. ஆளுநர், தலைமை வழக்குரைஞர், வேளாண் ஆணையர் ஆகிய மூவரும் அடங்கிய தொழில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் கீழ் அரசு வங்கி, மாவு ஆலை மற்றும் தானியக் கிடங்குக் கழகம், வீடு கட்டும் கழகம் ஆகியவை உருவாயின. ஆலங்கட்டி மழைக்கான அரசுக் காப்பீடும், தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டமும் வந்தன.

வங்கியின் சோதனைக் காலம்

வட டகோட்டா வங்கி 1919 ஜூலை 28 அன்று 20 இலட்சம் டாலர் மூலதனத்துடன் திறக்கப்பட்டது. மாநில அரசு, மாவட்டங்கள், நகரங்கள், பள்ளி நிர்வாகங்கள் அனைத்தும் தம் நிதியை இங்கேயே வைப்பிட வேண்டும் என்று சட்டம் கூறியது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. வரி செலுத்துவோர் சிலர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1920இல் கிரீன் எதிர் ஃப்ரேசியர் என்ற அவ்வழக்கில் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்கு நடந்த காலத்தில் கடன் பத்திரங்களை விற்க முடியவில்லை. தீர்ப்பு வந்த பிறகும் பெரிய நிதி நிறுவனங்கள் அவற்றை வாங்க முன்வரவில்லை.

1920இன் பிற்பகுதியில் கோதுமை விலை சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு, உள்ளாட்சிகள் அரசு வங்கியில்தான் பணம் வைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. உள்ளாட்சிகள் தம் பணத்தை எடுக்கத் தொடங்கின. அந்தப் பணத்தின் ஒரு பகுதியை அரசு வங்கி ஊர்ப்புறச் சிறு வங்கிகளில் வைத்திருந்தது; அதைத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே தள்ளாடிய சிறு வங்கிகள் மேலும் தள்ளாடின.

கூட்டமைப்பின் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. அனுபவம் இல்லாதவர்கள் பொறுப்புகளில் அமர்த்தப்பட்டனர். வீடு கட்டும் கழகத்தின் கணக்குகள் சீராக இல்லை. நகர்ப்புற வீட்டுக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பு 5,000 டாலர். தலைமை வழக்குரைஞர் வில்லியம் லெம்கேவுக்காகக் கட்டப்பட்ட வீட்டின் செலவு அந்த வரம்பை வெகுவாக மீறியது. எதிர்க்கட்சியினருக்கு இதைவிடச் சிறந்த ஆயுதம் தேவைப்படவில்லை.

1921 அக்டோபர் 28 அன்று நடந்த திருப்பியழைக்கும் தேர்தலில் ஃப்ரேசியர், லெம்கே, வேளாண் ஆணையர் ஜான் ஹேகன் ஆகிய மூவரும் பதவி இழந்தனர். மக்கள் வாக்கினால் திருப்பியழைக்கப்பட்ட முதல் அமெரிக்க ஆளுநர் ஃப்ரேசியர்தான். ஏறத்தாழ 4,000 வாக்கு வேறுபாட்டில் தோற்ற அவரையே அடுத்த ஆண்டு மக்கள் மேலவைக்கு அனுப்பினர் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. அதே நாளில், அதே வாக்காளர்கள் முன்னால், வங்கியை மூடுவது உள்ளிட்ட முன்மொழிவுகளும் வைக்கப்பட்டன. அவை தோற்றன. நடத்தியவர்களை மக்கள் வெளியேற்றினர், நிறுவனங்களை வைத்துக்கொண்டனர். புதிய ஆளுநர் ரக்ன்வால்ட் நெஸ்டோஸ் கூட்டமைப்புக்கு எதிரானவர். கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் பாதியில் நின்ற மாவு ஆலையைக் கட்டி முடித்து, 1922 அக்டோபரில் இயங்கச் செய்தது அவருடைய ஆட்சிதான்.

பகைவனாக இல்லாமல் பங்காளியாக

தொடக்கத்தில் ஊர் வங்கியாளர்கள் அரசு வங்கியைத் தம் பிழைப்பைக் கெடுக்க வந்த பகைவனாகவே பார்த்தனர். 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில் மாநிலத்தின் வங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அரசு வங்கி தப்பியது. ஆனால் கடன் கட்ட முடியாத பண்ணைகள் பல அதன் கைக்கு வந்து சேர்ந்தன. 1933இல் ஆளுநர் வில்லியம் லேங்கர் பண்ணைகளை ஏலம் விடுவதற்குத் தடை விதித்தார். வங்கியிடம் வந்த நிலங்கள் பல, அவற்றில் உழுத குடும்பங்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டு, காலம் சீரடைந்த பின் விற்கப்பட்டன. உழவரைக் காக்கப் பிறந்த வங்கி உழவர் நிலத்துக்கு உடைமையாளராக நின்றது சங்கடமான நிலைதான். எனினும் அந்த நிலம் ஒரேயடியாகச் சந்தைக்கு வராமல் இருந்ததே பெரிய ஆறுதல்.

1960களில் ஆளுநர் வில்லியம் கை காலத்திலிருந்து வங்கி தொழில் வளர்ச்சியில் கூடுதலாக இறங்கியது. இன்றுவரை அது கிளைகள் திறக்கவில்லை. பிஸ்மார்க்கில் ஒரே அலுவலகம். பெரும்பாலான தொழில் கடன்களையும் வேளாண் கடன்களையும் அது நேரடியாகத் தருவதில்லை. அது செயல்படும் விதம் இதுதான்:

ஒரு சிற்றூரில் விதை சுத்திகரிப்புக் கூடம் தொடங்க ஒருவர் கடன் கேட்கிறார் எனக் கொள்வோம். அவரையும் அவர் குடும்பத்தையும் அறிந்தது ஊர் வங்கி. ஆனால் ஒரே ஆளுக்கு அவ்வளவு பெரிய தொகையைத் தருவதற்குச் சிறு வங்கிக்குச் சட்ட வரம்பு இடம் தராது. அப்போது அரசு வங்கி அக்கடனில் ஒரு பங்கை ஏற்கிறது. கடன் விண்ணப்பத்தை ஆராய்வதும், வாடிக்கையாளரைக் கவனிப்பதும் ஊர் வங்கியின் வேலை. பணத்தின் பளுவும் ஆபத்தும் இருவருக்கும் பொது. 1990களின் தொடக்கத்தில் வந்த பேஸ் என்ற திட்டத்தில் மூன்றாவது பங்காளியும் சேர்ந்தார். தொழில் தொடங்குபவரின் வட்டிச் சுமையைக் குறைக்க அரசு வங்கி ஒரு பகுதியைத் தரும். அந்த ஊரும் தன் பங்குக்கு ஒரு பகுதியைத் தர வேண்டும். தங்கள் ஊருக்கு இத்தொழில் வேண்டுமா என்பதை ஊரார் பணம் போட்டுச் சொல்லும் ஏற்பாடு இது.

மாநிலத்தின் வரிப்பணமும் கட்டணங்களும் அரசு வங்கியில் வைப்பாகச் சேர்கின்றன. அந்த வைப்புகளுக்கு மாநில அரசே பொறுப்பு. கூட்டரசின் வைப்புக் காப்பீடு இல்லை. இலாபத்தின் ஒரு பகுதி அவ்வப்போது மாநிலக் கருவூலத்துக்குச் செல்கிறது. 1997 ஏப்ரலில் ரெட் ஆறு பெருகி கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கியபோதும், நகரமையத்தில் தீப்பிடித்துக் கட்டடங்கள் எரிந்தபோதும், அவசரக் கடன் வசதியை விரைவில் திறந்துவிட்டது இந்த வங்கி.

மாவு ஆலையின் கதை இவ்வளவு நேர்த்தியானதல்ல. தொடக்கக் காலத்தில் பல ஆண்டுகள் அது நட்டத்தில் ஓடியது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆட்களும் மாறினர். பின்னர் சீரடைந்து, நாட்டின் பெரிய மாவு ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

அண்டை மாநிலம் தேர்ந்த வழி

இதே நிலப்பரப்பில், இதே போன்ற உழவர்களைக் கொண்ட தென் டகோட்டா வேறு வழியை நாடியது. ஆளுநர் பில் ஜான்க்லோ காலத்தில் அது வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. கடன் அட்டைக்கான வட்டியை, வங்கி எந்த மாநிலத்தில் அமைந்துள்ளதோ அந்த மாநிலச் சட்டமே தீர்மானிக்கும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 1981இல் நியூயார்க்கின் சிட்டிபேங்க் தன் கடன் அட்டைப் பிரிவை சியூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றியது. ஆயிரக்கணக்கான வேலைகள் வந்தன. விரைவில் பலன் தந்த வழி இது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உயர்ந்த வட்டியைச் செலுத்தியவர்கள் நாடு முழுதும் இருந்த அட்டைதாரர்கள். மேலும் இன்னொரு மாநிலமும் இதே சலுகையைத் தரலாம். விரைவில் டெலாவேர் தந்தது.

எட்டிய இடமும் எட்டாத இடமும்

வட டகோட்டாவின் நிறுவனங்கள் எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. 1930இல் 6,80,845ஆக இருந்த மக்கள்தொகை 1990இல் 6,38,800ஆகக் குறைந்திருந்தது. டிராக்டர் வந்தபின் ஒரு குடும்பம் பல குடும்பங்களின் நிலத்தை உழ முடிந்தது. பிள்ளைகள் வெளியேறினர்; ஊர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. எந்த வங்கியாலும் இதைத் தடுக்க முடியவில்லை. பின்னர் மக்கள்தொகை உயர்ந்ததற்குப் பெருங்காரணம் எண்ணெய். 1951இல் டையோகா ஊருக்கு அருகே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2008ஐ ஒட்டி பாக்கன் பாறைப் படிவத்தில் புதிய துளையிடும் முறைகள் வெற்றி பெற்றதும் மேற்கு மாவட்டங்களில் கூட்டம் குவிந்தது. ஆகவே இன்றைய செழிப்பு முழுவதையும் 1919இன் கணக்கில் எழுதுவது சரியாகாது. எண்ணெய் ஒருநாள் தீரும் என்பதை எண்ணி, எண்ணெய், எரிவாயு வரியில் 30 சதவீதத்தைச் சேமிக்கும் நிதியம் ஒன்றை 2010இல் வாக்காளர்கள் ஏற்படுத்தினர்.

உழவர்களே ஆலை நடத்தும் பழைய கனவு 1993இல் காரிங்டன் என்ற சிற்றூரில் மீண்டும் உருவெடுத்தது. டியூரம் கோதுமை பயிரிடும் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பாஸ்டா ஆலை தொடங்கினர். பங்கு வாங்கியவருக்குக் குறிப்பிட்ட அளவு கோதுமையை ஆண்டுதோறும் ஆலைக்குத் தரும் உரிமையும் கடமையும் உண்டு. ஆலை நன்றாக நடந்தது. 2002இல் நிறுவனமாக மாறியது. 2010இல் கனடாவின் வைட்டெர்ரா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆலை இருந்த இடத்திலேயே இருந்தது. முடிவெடுக்கும் மேசை மட்டும் மறுபடியும் வெளியே போயிற்று.

நிலத்தின் உடைமை பற்றிய விவாதமும் ஓயவில்லை. நிறுவனங்கள் பண்ணை நடத்துவதைத் தடுக்கும் சட்டத்தை 1932இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தனர். பால் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் வெளி முதலீடு இன்றி அருகிவிட்டன என்று கூறிச் சட்டமன்றம் அதைத் தளர்த்தியபோது, 2016இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் அத்தளர்வை நிராகரித்தனர். 2023இல் கால்நடைப் பண்ணைகளுக்கு மட்டும், பல கட்டுப்பாடுகளுடன், மீண்டும் தளர்வு அளிக்கப்பட்டது. பயிர் விளையும் நிலத்துக்கு 1932ஆம் ஆண்டுத் தடை தொடர்கிறது.