செச்சுவான் காரம் எத்தனை பழமையானது?

சீனாவின் தென்மேற்கில் உள்ளது செச்சுவான் மாநிலம். அதன் தலைநகர் செங்டு. அங்குள்ள உணவகத்தில் முதன்முறை நுழையும் வெளிநாட்டுப் பயணியை, "காரம் சாப்பிடுவீர்களா?" என்று கேட்பது வழக்கம். நம்மவர் ஒருவர் அங்கே சென்றால் என்ன சொல்வார்? "மிளகாயோடு வளர்ந்தவர்கள் நாங்கள்" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

சற்று நேரத்தில், சிவந்த எண்ணெய் மிதக்கும் குழம்பில் சோயாக் கட்டிகள் வந்து சேரும். முதல் வாயில் பழகிய காரம்தான். இரண்டாம் வாயில் உதடுகள் துடிப்பது போலிருக்கும். நாக்கின் நுனி மரத்துப்போகும். ஒவ்வாத எதையோ தின்றுவிட்டோமோ என்ற அச்சமும் எழும். தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் எரிச்சல் அடங்காது.

அஞ்ச வேண்டியதில்லை. அவருடைய வாயில் இரண்டு பொருள்கள் இருவேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று மிளகாய், மற்றொன்று, சீனர்கள் 'ஹுவாஜியாவோ' என்றழைக்கும் செச்சுவான் மிளகு.

மிளகாயின் காரம் உண்மையில் ஒரு சுவையே அன்று. அதிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதத்தைத் தூண்டிவிடுகிறது. சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் புரதம் அது. ஆகவே, குழம்பு ஆறியிருந்தாலும் "வாய் சுடுகிறது" என்றே மூளைக்குச் செய்தி போகிறது. அமெரிக்க அறிவியலார் டேவிட் ஜூலியசின் குழு 1997இல் இதைக் கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. எனவே தண்ணீரைவிடப் பாலும் தயிரும் நல்ல துணை.

மரமரப்பைத் தருவது ஹுவாஜியாவோவின் தோலிலுள்ள சான்ஷூல் என்னும் பொருள். இது தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்தனர். உதட்டில் இப்பொடியைத் தடவியபோது ஏற்பட்ட துடிப்பு, நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிரும் பொருளைத் தொடுவதற்கு ஒப்பாக இருந்ததாம்! மரமரப்பைச் சீனர்கள் 'மா' என்பர். காரத்தை 'லா' என்பர். இரண்டும் சேர்ந்த 'மாலா'தான் செச்சுவான் சமையலின் முத்திரை.

இந்த இரண்டில் மூத்தது எது? இங்கேதான் நாம் எதிர்பாராத செய்தி காத்திருக்கிறது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் வரலாற்றை எழுதிய சாங் ச்சூ, இம்மக்கள் உறைப்பும் மணமும் மிக்க உணவை விரும்புவோர் என்று குறித்துள்ளார். ஆனால் அந்நாளில் அங்கே ஒரு மிளகாய்கூட இல்லை! இஞ்சி, ஹுவாஜியாவோ போன்றவையே உறைப்பளித்தன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492இல் கொலம்பஸ் அங்கே சென்ற பிறகே அது கடல் கடந்து பிற நாடுகளுக்குப் பரவியது.

சீனாவில் மிளகாயைப் பற்றிய முதல் குறிப்பு 1591இல் கிடைக்கிறது. ஹாங்சோ நகரத்து அறிஞர் காவ் லியன் தம் நூலில், வெண்ணிறப் பூவும், தேய்ந்த எழுதுகோல் முனை போன்ற சிவந்த காயும் உடைய அழகான செடி என்று அதை வருணித்தார். ஆம், அது அன்று கண்ணுக்கு விருந்தான தோட்டச் செடி!

அதை வயிற்றுக்கு விருந்தாக்கியவர்கள் ஏழைகள். செச்சுவானை அடுத்த குய்சோ மலைநாட்டில் உப்பு கிடைப்பது அரிது. வெளியிலிருந்து சுமந்து வரும் உப்பின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. உப்புக்குப் பதிலாக மலைவாழ் மக்கள் மிளகாயைச் சேர்த்துக்கொண்டனர் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட வட்டாரக் குறிப்பேடு கூறுகிறது. செச்சுவானில் மிளகாயைக் குறிப்பிடும் பழைய ஏடு 1749ஐச் சேர்ந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் போர்களால் அம்மாநிலம் ஆளரவமற்றுக் கிடந்தது. ஹூனான், ஹூபே முதலிய பகுதிகளிலிருந்து குடியேறியவர்களே அதை மீண்டும் உயிர்ப்பித்தனர். பலவூர் மக்கள் கலந்த அச்சமையலறையில்தான் புதுக் காயும் பழைய ஹுவாஜியாவோவும் கைகோத்தன.

நம் பயணி உண்ட சோயாக் கட்டிக் குழம்பின் பெயர் 'மாப்போ தோஃபு'. 1862ஆம் ஆண்டளவில், செங்டுவின் வடக்கே ஒரு பாலத்தருகே உணவுக்கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்புள்ள பெண்மணி ஒருவர் இதைச் செய்தார் என்பது செவிவழிச் செய்தி. பாலத்தைக் கடக்கும் சுமைக்கூலிகளே அவருடைய வாடிக்கையாளர்களாம். இன்று உலகெங்கும் விரும்பி உண்ணப்படும் இந்த உணவின் பிறப்பிடம் அரண்மனை அன்று என்பது கருதத்தக்கது.

பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. 'ஜியாவோ' என்பது முதலில் அந்நாட்டு ஹுவாஜியாவோவின் பெயர். நம் மிளகு அங்கே சென்றபோது 'ஹூஜியாவோ' ஆயிற்று. மிளகாய் வந்தபோது 'ஃபான்ஜியாவோ', அதாவது அயல்நாட்டு ஜியாவோ, ஆயிற்று. நாமும் இதையேதான் செய்தோம். மிளகை அறிந்த நம் முன்னோர் புதிய காயை மிளகு போன்ற காய் என்று எண்ணி 'மிளகாய்' என்றனர். தாவரவியலோ இம்மூன்றையும் மூன்று குடும்பங்களில் வைக்கிறது. மிளகு வெற்றிலைக்கு உறவு. மிளகாய் கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவு. ஹுவாஜியாவோ எலுமிச்சைக்கு உறவு. உறவில்லாத மூன்றையும் நாக்கு ஒரே இனமாகச் சேர்த்துவிட்டது!

2010இல் யுனெஸ்கோ நிறுவனம் செங்டுவை உணவுக்கலை நகராக அறிவித்தது. அப்பெருமையில் பெரும்பங்கு, வந்து சில நூற்றாண்டுகளே ஆன ஓர் அயல்நாட்டுக் காய்க்கு உரியது. "இது எங்கள் தொன்மையான உணவு, அது அந்நியம்" என்று உறுதியாகச் சொல்லுமுன் நாமும் நம் சமையலறையைச் சற்றே எட்டிப் பார்க்கலாம். குழம்பில் மிதக்கும் அந்தச் சிவந்த காயும் ஒரு நாள் நம் வாசலில் நின்ற வெளிநாட்டுப் பயணிதான்.