க்ளீசன் வரைந்த ஐந்து படிகள்

ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் கருத்துக் கேட்டு வரும் குடும்பங்கள் என் மேசையில் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூன்று கூட்டல் நான்கும் ஏழு, நான்கு கூட்டல் மூன்றும் ஏழு. இரண்டும் ஒன்றுதானே டாக்டர்?" ஒன்றல்ல. புரோஸ்டேட் புற்றுநோயின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் முதலில் நிற்கும் எண், திசுவில் அதிகமாகப் பரவியிருக்கும் அமைப்பைச் சொல்கிறது. நான்கு முன்னால் வந்தால் நோய் இன்னும் முரட்டுத்தனமானது. இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதை ஒவ்வொரு நோயாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

புரோஸ்டேட் புற்றுநோயில் முதலில் பேசியது ரத்தம். எலும்புவரை நோய் பரவியவர்களின் ரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கூடுகிறது என்று 1938இல் அலெக்சாண்டர் கட்மனும் எத்தல் கட்மனும் காட்டினார்கள். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனைத் தடுத்தால் அந்த நொதி இறங்குவதைக் கண்டார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1966இல்தான், மினியாபொலிஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட் டொனால்ட் க்ளீசன் தன் வகைப்பாட்டை வெளியிட்டார். மைக்ரோஸ்கோப்பின் குறைந்த உருப்பெருக்கத்தில் சுரப்பிகளின் அமைப்பை மட்டும் பார்த்து, அவற்றை ஐந்து படிகளாக வரைந்தார். மூன்றாம் படியில் சுரப்பிகள் தனித்தனியாக நிற்கும். நான்காவதில் ஒன்றோடொன்று ஒட்டிக் குலையும். ஐந்தாவதில் சுரப்பி என்று சொல்ல எதுவும் இல்லாமல் செல்கள் உதிரியாகத் திரியும். ஒரே கட்டியில் இரண்டு அமைப்புகள் இருந்தால் இரண்டையும் கூட்டினார். இந்தப் படிகளைப் புள்ளியியலாளர் ஜான் பெய்லர் படைவீரர்களின் ஆயுளோடு பொருத்திப் பார்த்தபோது, எண் ஏற ஏற இறப்பும் ஏறியது.

1979இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் ஆய்வகத்தில் புரோஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க 1986இலும், நோயைக் கண்டறிய உதவும் சோதனையாக 1994இலும் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. ஆனால் சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட அது ஏறும். நோய் இருக்கலாம் என்று சொல்லத் தெரிந்த அந்தப் புரதத்துக்கு, அந்த நோய் ஆளைக் கொல்லுமா என்று தனித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆயுள் முழுக்கத் தொல்லை தந்திராத கட்டிகளுக்காகப் பலர் அறுவை சிகிச்சைக்கு ஆளாகி, சிறுநீரை அடக்கும் சக்தியையும் இல்லற வாழ்வையும் இழந்தார்கள். 1970இல் புரோஸ்டேட் ஆன்டிஜனை விவரித்த ரிச்சர்ட் ஏப்ளினே பின்னாளில் எல்லோருக்குமான பி.எஸ்.ஏ. பரிசோதனையை எதிர்த்து எழுதினார்.

இன்று பெருகும் செல்களின் உட்கருவைப் பழுப்பாகக் காட்டும் கேஐ-67 சாயமும், வளர்ச்சியை அடக்கும் பிடென் புரதம் தொலைந்துவிட்டதா என்ற சோதனையும் நம் கையில் இருக்கின்றன. 2014இல் க்ளீசன் எண்களும் ஐந்து தரக் குழுக்களாகச் சீரமைக்கப்பட்டன. 3+4 இரண்டாம் குழு, 4+3 மூன்றாம் குழு.

புதிய குறியீடு எது வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மனிதர்களின் வாழ்நாளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? நோய் இருப்பதைச் சொல்வது வேறு, அது போகும் வழியைச் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் 3+3 என்ற குறைந்த எண் வந்தவரிடம், "உடனே கத்தி வேண்டாம், கண்காணிப்போம்" என்று ஒரு மருத்துவரால் துணிந்து சொல்ல முடியும்.