லண்டன் வீடுகளில் இந்திய மாணவர்கள்
19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் படிக்கச் சென்ற இந்திய மாணவர்கள் பலர், கட்டணம் செலுத்தி அங்குள்ள குடும்பங்களோடு தங்கினர். அறையும் சாப்பாடும் கிடைத்ததோடு, ஆங்கிலேயப் பழக்கவழக்கங்களையும் அவர்கள் அங்கேயே கற்றனர்.

1888இல் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்ற மோகன்தாஸ் காந்தி, மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை மூதாட்டியின் வீட்டில் தங்கினார். புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்த அவருக்கு அங்கே கிடைத்த உப்புச்சப்பற்ற உணவு போதவில்லை. கூடுதலாகக் கேட்கவும் கூச்சம். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று மூதாட்டி தினமும் விசாரிப்பார். அவருடைய இரு மகள்களும் வற்புறுத்தி ஓரிரு ரொட்டித் துண்டுகளை அதிகமாக வைப்பார்கள். ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகத்தைக் கண்டபிறகே காந்தி வயிறார உண்டார். பின்னர் தனி அறை எடுத்து, தாமே சமைத்துச் செலவைக் குறைத்தார்.

வீடுகளில் தங்குவதோடு, பின்னாளில் விடுதி வசதியும் வந்தது: 1920இல், சேலத்தில் பிறந்த கே. டி. பாலின் முயற்சியால் லண்டனில் இந்திய மாணவர்களுக்கென ஒய்.எம்.சி.ஏ. விடுதி உருவானது.