உத்திரமேரூர் ‘நம்பிமார்’: நம்பிக்கையின் வேர் குறித்து ஒரு மறுவாசிப்பு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் (921) கோயில் பூசகர்களான ‘நம்பிமார்’ வருகிறார்கள். இச்சொல்லை ‘ஊராரின் நம்பிக்கைக்கு உரியோர்’ என விரித்து, நம்பிக்கை என்பது அடிப்படையில் ஆள்மேல் வைக்கும் உறுதிப்பாடே, எதிர்காலத்தை நோக்கிய பொருள் பின்னர் வந்து ஒட்டியதே என்று வாதிடும் போக்கு ஒன்று உண்டு. இரண்டு முடிவுகளையும் ஏற்க முடியவில்லை.

கல்வெட்டு சொல்லும் முறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். வாரியம் எனும் ஊர் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேரும் நாளில் ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் சபை கூடும் மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர், பெயரெழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் (ஊர்ப்பிரிவின்) ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறு குடத்திலிட்டுக் குலைத்தபின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பான். பிறகு மண்டபத்திலுள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

நம்பத்தக்கவர் என்பதற்காகவே இவர்கள் அழைக்கப்பட்டிருந்தால், ஒருவர் படித்தது போதாதா? ‘விடுபடாமல்’ என்ற நிபந்தனையும் தேர்ந்தெடுத்த சிலரைக் குறிக்கவில்லை. பூசை உரிமையால் ஒரு வகுப்பாக அமைந்தவர்களையே குறிக்கிறது. விரித்த விரல்களுக்கிடையே ஓலையை ஒளிக்க இடமில்லை. ஒருவர் சொல்லை நம்பி இந்த ஏற்பாடு நிற்கவில்லை. ஓலை எல்லார் கண்ணிலும் படுவதால் நிற்கிறது.

சொல்லமைப்பும் இதையே காட்டுகிறது. தம்பி, எம்பி, நும்பி என்ற வரிசையில் நம்பி. தங்கை, எங்கை, நுங்கை என்ற வரிசையில் நங்கை. நம்பியை ‘நம்பு’ வினையிலிருந்து வருவித்தால் அதன் இணையான நங்கை அநாதையாகிவிடும். பூசகரை ஊர் நம்பியிருக்காதா என்று கேட்கலாம். நம்பியிருக்கும், அது சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

அப்படியானால் ‘நம்பு’ எங்கிருந்து வருகிறது? தொல்காப்பிய உரியியல் அதற்குத் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். அந்நூலின் காலம் பற்றிய வழக்கு இங்கே குறுக்கிடாது; பெரும்பாலான கணிப்புகளின்படி அது இக்கல்வெட்டுக்கு முந்தியது. திருக்குறளோ ஆளைத் தேரும் 51ஆம் அதிகாரத்தில் தேறு, தெளி என்ற வினைகளையே ஆள்கிறது. அப்பத்துப் பாக்களிலும் ‘நம்பு’ இல்லை. ஓர் அதிகாரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாதுதான். ஆயினும் விருப்பமே முந்தியது, ஆள்மேல் வைக்கும் உறுதி பிந்தியது என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

உத்திரமேரூர் வட்டாரத்து உழவர் பேச்சிலும் இப்பழம்பொருள் அற்றுப்போகவில்லை. ‘மழையை நம்பி விதை விட்டோம்’, ‘ஏரியை நம்பி நட்டோம்’ என்பவர், மழை நாணயமானது என்றா சொல்கிறார்? வேண்டும் என்ற ஆசையும், வரும் என்ற எதிர்பார்ப்பும், வராமலும் போகலாம் என்ற அறிவும் அந்த ஒரு வினையெச்சத்தில் சேர்ந்திருக்கின்றன. அதே கல்வெட்டு ஏரி வாரியத்துக்கும் மேலே கண்ட குடவோலை முறையிலேயே ஆள் எடுக்கச் சொல்கிறது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்குகிறது. ஏரியை நம்பிய ஊர், ஏரியைக் காக்கும் ஆளிடம் கணக்குக் கேட்டது. இந்த இரண்டு உறவுகளையும் ‘நம்பிமார்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப் பார்த்ததே முந்தைய வாசிப்பின் பிழை.