செம்பூர் தமிழ்ப் பெயரா?

வாஷியில் வசிக்கும் நம்மில் பலரது குடும்பங்கள் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருந்து, பாலம் தாண்டி இங்கே வந்தவை. செம்பூர் நமக்கெல்லாம் தாய்வீடு மாதிரி. "செம்மண் ஊர்தான் செம்பூர்! சுத்தத் தமிழ்ப் பேராச்சே!" என்று பெருமைப்படாதவர் குறைவு. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆராய்ந்து பார்த்தால் சங்கதி வேறு.

செம்மையோடு ஊர் சேர்ந்தால் செவ்வூர் என்றுதான் ஆகும். செம்பும் ஊரும் சேர்ந்தால் செம்பூர் ஆகலாமே என்பீர்கள். ஆனால் மராட்டியர் சொல்வது நெடிலோடு 'சேம்பூர்'. அதைக் குறிலாக்கியது நம் நாக்கு.

அந்நாளில் இது திராம்பே தீவின் வடமேற்கு மூலையில் இருந்த சிற்றூர். சுற்றிலும் கழியும் சேறும். மராட்டியில் 'சிம்போரி' என்றால் நண்டு. அதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்த 'சிமுல்லா' துறைமுகம் இதுவே என்பாரும் உண்டு. ஆனால் அறிஞர் பெரும்பாலோர் அதைத் தெற்கே ராய்காட் மாவட்டத்துச் சௌல் என்றே கொள்கின்றனர்.

1906-இல் குர்லாவிலிருந்து இங்கே ரயில் பாதை போட்டார்கள். எதற்குத் தெரியுமா? நகரத்துக் குப்பையைக் கொண்டுவர! பயணிகள் ஏறியது 1924-இல்தான். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறினர். 1950-களில் திராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபோது நம்மவர் பலர் அங்கே வேலைக்கு வந்தனர். ஊர்ப்பெயர் அதற்கெல்லாம் முந்தியது.

1960-களில் தென்னிந்தியருக்கு எதிராகக் குரல் எழுந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 'ஊர்ப்பேரே தமிழ்தான்' என்பது அப்போது மனசுக்கு ஓர் ஆறுதல். அந்த ஆறுதலைக் குறை சொல்லவில்லை; ஆனால் அது சரித்திரம் ஆகாது.

வாஷியையும் 'வாசி' என்று தமிழாக்கப் பார்க்கிறோம். 1970-இல் அமைந்த சிட்கோ, நவி மும்பைக்காக 95 கிராமங்களின் நிலத்தை எடுத்தது. வாஷி கிராமமும் அதில் ஒன்று. நெல், உப்பு, மீன் என்று பிழைத்த ஆக்ரி, கோலி மக்களின் மண்மேல்தான் நம் கட்டடங்கள் நிற்கின்றன.

பேரக்குழந்தைகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "நமக்கு முன்னாடியே இங்க ஜனங்க இருந்தாங்க, கண்ணு. பேரு அவங்க வச்சது. குடியிருக்க வந்தவங்க நாம." உழைத்து வாழ்ந்த உரிமை நமக்குப் போதாதா? பெயருக்கும் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை.