ஓடம் போன்ற அடிவயிறு

ரொடீஷியா என்று அந்நாளில் வழங்கி இன்று ஜிம்பாப்வே எனப் பெயர் பூண்டிருக்கும் தேசத்தில், சிறுபான்மை வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து மூண்ட கெரில்லா யுத்தம் 1972-க்குப் பின் உக்கிரமடைந்தபோது, மண்சாலைகளில் புதைந்து கிடந்த சோவியத் கண்ணிவெடிகளே அரசாங்கப் படைகளுக்குப் பெரும் பீதியாயின. டி.எம்.-57 என்ற வட்டமான உலோகப் பேழை ஒன்றில் ஏறக்குறைய 6.5 கிலோ வெடிமருந்து அடங்கும். சாதாரண லாரியின் சக்கரம் அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கைக்குக் கிட்டிய உபாயங்களையே நாடினார்கள். வண்டித் தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்தார்கள். டயர்களில் தண்ணீரை நிரப்பினார்கள். டயரில் தண்ணீரா என்று நகைக்க வேண்டாம். வெடிப்பின் வேகத்தையும் உஷ்ணத்தையும் அது ஓரளவு விழுங்கிவிடும்.

ஆயினும் பரிகாரம் தகட்டின் கனத்தில் இல்லை, அதன் கோணத்தில்தான் இருக்கிறது என்பதை மெய்ப்பித்துக் காட்டியது எர்னஸ்ட் கோன்ஷெல் வடிவமைத்த லெப்பர்ட் வண்டி. வோல்க்ஸ்வேகன் உறுப்புகளைக் கொண்டு உருவான அந்த விசித்திர வாகனத்தில், ஆட்கள் அமரும் இரும்புக் கூடு ஓடத்தின் அடிவயிறு போலக் கீழ்நோக்கிக் கூம்பி நிற்க, சக்கரங்களோ அதைவிட்டு விலகி முன்னும் பின்னும் இருந்தன. தட்டையான அடித்தளம் நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைச் சாய்ந்த தகடு இருபுறமும் வழித்து விட, வெடித்த சக்கரம், பல்லி தன் வாலை உதறுவது போல, அச்சோடு கழன்று போயிற்று. உள்ளே இருந்தவர்கள் வாரால் தங்களை இருக்கையோடு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாதவனை வெடி விட்டாலும் கூரை விடாது.

அயலிலிருந்த தென்னாப்பிரிக்கா இதே தத்துவத்தை வளர்த்து, விஞ்ஞான ஆராய்ச்சி மன்றத்தின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் போலீசாரின் மூன்று எழுத்துகளையும் கலைத்துக் கோத்த காஸ்பிர் என்னும் பெயரால் ஒரு வண்டியைச் சமைத்தது. சக்கரத்தின் கீழ் மூன்று டி.எம்.-57 சேர்ந்து வெடித்தாலும் தாங்கும்படி அமைந்த அவ்வண்டி, 1980-களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் புகுந்து அடக்குமுறையின் சின்னமாயிற்று. பிராணனைக் காக்க விளைந்த சாதுரியம், உள்ளே இருந்தவனுக்கு மட்டுமே காவலாயிருந்தது. அந்நிர்மாணத்தை நான் வியந்தாலும் இதை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

அதே காஸ்பிர் வண்டிகள் பிற்காலத்தில் மொசாம்பிக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியிலும் உழைத்தன. 2015-இல் அந்நாடு கண்ணிவெடியற்றதென அறிவிக்கப்பட்டது. தட்டையான அடித்தளமுடைய ஹம்வீக்களை நம்பி ஈராக்கில் இறங்கிய அமெரிக்கர், 2007-இல் இந்தக் கோணத்தையே அவசரமாகத் தேடி ஓடிய கதையை அடுத்த இதழில் சொல்கிறேன்.