எக்ஸ்போஸ் மைதானத்தில் கதிரைகள் எப்போது வெறுமையாகின?

செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் இன்றைக்கும் நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றும் சேர்ந்த பழைய தொப்பி போட்ட யாரையாவது பார்க்கலாம். அது மொன்றியல் எக்ஸ்போஸ் என்ற பேஸ்போல் அணியின் தொப்பி. அந்த அணி இந்த நகரத்தை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. 2004 செப்டம்பர் 29 இரவு, ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் புளோரிடா மார்லின்ஸிடம் 9-1 என்று தோற்றதுதான் அவர்கள் இங்கே ஆடிய கடைசி ஆட்டம். அணி வாஷிங்டனுக்குப் போகிறது என்ற அறிவிப்பும் அதே நாளில்தான் வந்தது.

ஏன் போனார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மொன்றியலுக்கு ஹொக்கிதான் உயிர், பேஸ்போல் பார்க்க ஆளில்லை." கதிரைகள் வெறுமையாக இருந்தது உண்மை. ஆனால் எந்த வருடத்தில் வெறுமையானது என்று பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

முதலில் நல்ல காலம். எக்ஸ்போ 67 கண்காட்சியின் பெயரை வைத்துக்கொண்டு 1969இல் தொடங்கிய அணி இது. முதல் மைதானம் ஜாரி பார்க். ஆம், பார்க்-எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில், எங்கள் சனம் கோடையில் புல்லில் பாய் விரித்து இருக்கும் அதே ஜாரி பார்க்தான். 1969 ஏப்ரல் 14 அன்று அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு 29,184 பேர் வந்தார்கள். 1977இல் அணி ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு மாறியது. 1983இல் ஒரே சீசனில் 23 லட்சத்துக்கு மேற்பட்ட டிக்கெட். ஆளில்லாத நகரம் என்று இதைச் சொல்ல முடியாது.

1994இல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. முழு லீக்கிலும் முதலிடம், அதுவும் லீக்கின் மிகக் குறைந்த சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு. ஆகஸ்ட் 12 அன்று வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, சீசன் அத்தோடு முடிந்தது. அடுத்த வசந்தத்தில் லாரி வோக்கர், மார்க்விஸ் கிரிசம், ஜோன் வெட்டலண்ட், கென் ஹில் என்று நான்கு முக்கிய வீரர்களையும் அணி இழந்தது. சம்பளம் கட்ட முடியாது என்பதுதான் காரணம்.

சனம் கோபித்துக்கொண்டு உடனே வராமல் விட்டதா? இல்லை. 1995இல் 13 லட்சம் பேர் வந்தார்கள், 1996இல் 16 லட்சம். கூட்டம் பத்து லட்சத்துக்குக் கீழே விழுந்தது 1998இல்தான். அதற்கு முந்தைய நவம்பரில், லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருதைக் கையில் வாங்கிய சூட்டோடு பெட்ரோ மார்ட்டினெஸ் பொஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். யாரை நம்பி டிக்கெட் வாங்குவது? 2001இல் சீசன் முழுக்க வந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 43 ஆயிரம் பேர் மட்டுமே.

ஆக வெறும் கதிரை கடைசியில் தெரிந்த அடையாளம். முன்னாலேயே தெரிந்த அடையாளங்கள் ஸ்கோர்போர்டில் இல்லை. அவை நாணய மாற்று வீதத்தில் இருந்தன.

பேஸ்போல் வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில். மொன்றியலில் விற்கும் டிக்கெட், ஹொட்டோக், பியர் எல்லாம் கனடிய டொலரில். 1991 இறுதியில் ஒரு கனடிய டொலர் சுமார் 89 அமெரிக்க சதம். அப்போது ஒரு மில்லியன் அமெரிக்க டொலர் சம்பளம் கொடுக்க இங்கே சுமார் 11 லட்சத்து 20 ஆயிரம் டொலர் போதும். 2002 ஜனவரியில் கனடிய டொலர் 62 சதத்துக்கும் கீழே போனது. அதே வீரருக்கு அதே சம்பளம் கொடுக்க இப்போது 16 லட்சத்துக்கு மேல் வேண்டும். பந்து அதே வேகத்தில்தான் வருகிறது, விலை மட்டும் ஏறிவிட்டது. இதே நோயில் கியூபெக் நோர்டிக்ஸ் 1995இலும் வினிபெக் ஜெட்ஸ் 1996இலும் ஹொக்கியிலிருந்தே அமெரிக்காவுக்குப் போனார்கள். ஹொக்கி பார்க்க ஆளில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்தானே.

டொலர் மட்டும்தான் காரணம் என்றாலும் அது முதலாளிகளுக்கு வசதியான கதை. டொரொண்டோ புளூ ஜேஸும் அதே டொலரில்தான் சம்பளம் கொடுத்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், விலையுயர்ந்த இருக்கைகளை வருடக்கணக்கில் எடுக்கும் பெரிய கம்பனிகள் 70களிலிருந்தே மொன்றியலை விட்டு டொரொண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. சன் லைஃப் காப்புறுதிக் கம்பனி 1978இல் அறிவித்துவிட்டே போனது. 1993இல் கியூபெக்கில் வேலையில்லாதவர் வீதம் 13ஐத் தொட்டது. 1991இல் ஸ்டேடியத்திலிருந்து 55 தொன் கொங்கிரீட் துண்டு ஒன்று விழுந்து, மீதி ஆட்டங்கள் வெளியூருக்குப் போயின. நகரமையத்தில் புது மைதானம் கட்ட 1998இல் உதவி கேட்டபோது, ஆஸ்பத்திரிகளை மூடிக்கொண்டிருக்கும் அரசு பேஸ்போலுக்குக் காசு தரமுடியாது என்று முதல்வர் லூசியன் பூஷார் மறுத்தார். என்னைக் கேட்டால் அவர் மறுத்தது சரி. பழைய ஸ்டேடியத்தின் கடனே 2006 வரை கட்டி முடியவில்லை. 2000இல் ஆங்கில வானொலி, தொலைக்காட்சி ஒப்பந்தம்கூட அணிக்குக் கிடைக்கவில்லை. இந்த வரிசையில் கதிரைகள் எங்கே வருகின்றன என்று பாருங்கள்.

நிறைந்த மைதானமும் இதேபோல ஏமாற்றும். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. ஜூனில் அவுஸ்திரேலிய அணி வந்தபோது கொழும்பு பிரேமதாச மைதானத்தில் சனம் நிறைந்திருந்தது, வந்ததற்கு நன்றியாக மஞ்சள் உடுப்பும் போட்டிருந்தார்கள். வெளியே பெற்றோலுக்கு வரிசை. ஜூலை 9 அன்று காலியில் (இங்கே காலி ஊரின் பெயர்!) டெஸ்ட் நடந்துகொண்டிருக்க, பக்கத்துக் கோட்டைச் சுவரில் ஆர்ப்பாட்டக்காரர்கள் நின்றார்கள். நாட்டின் நிலையை அறிய கதிரையை எண்ணுவதைவிட அந்தச் சுவரைப் பார்ப்பது மேல்.

இனி எங்கள் வீட்டுக் கதை. நீல மெட்ரோ செயின்ட்-மிஷேலுக்கு வந்தது 1986 ஜூனில். அதே ஆகஸ்டில்தான் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். அந்த வருடங்களில் மொன்றியலுக்கு வந்த எங்கள் பெற்றோர் தலைமுறை உணவகங்களில் கோப்பை கழுவியது, தையல் ஃபாக்டரிகளில் பீஸ் கணக்கில் தைத்தது. செயின்ட்-மிஷேலில் ஏறி, ஜோன்-தாலோனில் மாறி, கிரெமசியில் இறங்கினால் ஷபனெல் தெரு கிட்ட. மாடி மாடியாகத் தையல் ஃபாக்டரிகள்.

அந்த ஃபாக்டரிகளுக்குப் பலவீனமான கனடிய டொலர் நோய் இல்லை, மருந்து. 90களின் தொடக்கத்தில் அவையும் அடிவாங்கின. ஆனால் 1989இல் அமெரிக்காவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வந்துவிட்டது. டொலர் விழ விழ, இங்கே தைத்த கோட்டும் சூட்டும் நியூயோர்க் கடைக்காரருக்கு மலிவாகின. உடுப்பு ஏற்றுமதி ஏறியது. பெட்ரோ மார்ட்டினெஸைப் பொஸ்டனுக்குத் துரத்திய அதே 70 சத டொலர், எங்கள் அம்மாமாருக்கு ஓவர்டைம் கொடுத்தது. பை-நெஃப் வீதியில் 139ஆம் இலக்க பஸ் பிடித்தால் ஸ்டேடியம், மெட்ரோ பிடித்தால் ஷபனெல். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் வேலை. ஸ்டேடியத்தை மட்டும் பார்த்த பத்திரிகைகளுக்கு இந்த இரண்டாவது பக்கம் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு எல்லாம் தலைகீழானது. 2003இல் கனடா பங்களாதேஷ் போன்ற மிக வறிய நாடுகளின் உடுப்புக்கு வரியையும் கோட்டாவையும் நீக்கியது. 2005 ஜனவரி 1 அன்று உலக உடுப்புக் கோட்டா முறையே முடிந்தது, சீன உடுப்பு வந்து நிறைந்தது. எக்ஸ்போஸ் கடைசியாக ஆடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எக்ஸ்போஸின் செம்மஞ்சள் மயிர்ப் பொம்மை யூப்பி அதே வருடம் ஹொக்கி அணியான கனடியன்ஸில் சேர்ந்துவிட்டது. தையல்காரருக்கு அப்படி ஒரு மறுவேலை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது ஷபனெல்லில் தைத்திருந்தால், எந்த வருடத்தில் வேலை நின்றது என்று கேட்டுப் பாருங்கள். 2005க்கும் 2009க்கும் இடையில் ஒரு வருடத்தைச் சொன்னால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. 2007 செப்டம்பர் 20 அன்று கனடிய டொலர், முப்பது வருடத்துக்குப் பிறகு, அமெரிக்க டொலருக்குச் சமமானது. எக்ஸ்போஸ் இங்கே இருந்திருந்தால் 2002ஐவிடச் சம்பளச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். அன்று செய்தியில் எல்லையைத் தாண்டிக் கடைக்குப் போகும் கார்களைத்தான் காட்டினார்கள்.